'முதல் பெண்' என்னும் அடைமொழிக்கு அப்பால்: பெண் நலப்பணியாளரும் வறியோர் மனநலமும்

மருத்துவமனை அமைந்த ஊரின் பெயரே வசைச்சொல்லாகத் திரிவது தமிழ்ப் பேச்சுவழக்கில் நிலைபெற்றுவிட்ட ஒரு வழக்காறு ஆகும். சென்னைத் தமிழில் 'கீழ்ப்பாக்கம்' என்னும் பெயர் அவ்வாறே ஆயிற்று. பெங்களூருத் தமிழரிடையே அதே வேலையை 'நிம்ஹான்ஸ்' என்னும் சுருக்கப்பெயர் செய்கிறது. தென்மாவட்டங்களில் ஏர்வாடியும் காவிரிக்கரையில் குணசீலமும் இவ்வாறு சுட்டப்படுவதுண்டு. திரைப்பட நகைச்சுவைக் காட்சிகள் இவ்வழக்கை மேலும் பரப்பின. இவ்வசைகளைக் கூர்ந்து நோக்கின், அவற்றில் மருத்துவரும் இல்லை, செவிலியரும் இல்லை என்பது புலனாகும். கிழிந்த உடையும் வாராத தலையுமாக நிற்கும் வறிய மனிதர் ஒருவரே அவற்றில் நகைப்புக்குரியவராகக் காட்டப்பெறுகிறார். செல்வர்க்கு வந்தால் 'நரம்புத் தளர்ச்சி' என்றும் வறியவர்க்கு வந்தால் 'பைத்தியம்' என்றும் வழங்கும் இருவேறு சொல்லாட்சியையும் இதனோடு சேர்த்து எண்ணலாம்.

இதற்கு நேர்மாறான இன்னொரு வழக்கும் தமிழில் உண்டு. அது பெண் மருத்துவர்களைப் போற்றும் வரலாற்று எழுத்து. பள்ளிப் பாடநூல்கள், சிறுவர் நூல்கள், மகளிர் நாள் மலர்கள், நூற்றாண்டு விழா மலர்கள் ஆகியவற்றில் இவ்வகை எழுத்தைக் காணலாம். இவை அனைத்திற்கும் பொதுவான அடைமொழி 'முதல்' என்பதாகும். முதல் பெண் பட்டதாரி, முதல் பெண் மருத்துவர், முதல் பெண் சட்டமன்ற உறுப்பினர், முதல் பெண் மனநல மருத்துவர் என அடுக்கிச் செல்வது இவ்வெழுத்தின் இயல்பு. வாயிலைத் திறந்தவர் யார் என்பதை இவ்வடைமொழி சொல்லிவிடுகிறது. வாயிலுக்கு உள்ளே இருந்தவர் யார் என்பதைச் சொல்வதில்லை. அடைமொழியை விலக்கி, இம்மருத்துவப் பெண்களின் எழுத்தையும் பணியையும் ஒருசேர வாசிக்கும்போது, வறுமையை உள்ளத்தின் துயராகவும் அவர்கள் எதிர்கொண்ட இடங்கள் தெரியவருகின்றன. அவற்றுள் சிலவற்றை அவர்களே பெயரிட்டுச் சொல்லவில்லை என்பதும் தெரியவருகிறது.

கிருபாபாய்: கற்றவளின் உள்ளம்

சென்னை மருத்துவக் கல்லூரி 1875இல் நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டது. அவர்களுள் ஒருவரான மேரி ஷார்லீப், பேறுகாலத்தில் ஆண் மருத்துவரை நாடவியலாமல் மடிந்த பெண்களைக் கண்டு மருத்துவம் கற்க வந்தவர். மூன்று ஆண்டுகள் கழித்து, 1878இல், அக்கல்லூரிக்கு வந்தவர் கிருபாபாய் சத்தியநாதன். அகமதுநகரில் மராத்திக் கிறித்துவக் குடும்பத்தில் 1862இல் பிறந்த அவர், இங்கிலாந்து சென்று மருத்துவம் பயில விரும்பினார். உடல்நலிவு அதற்கு இடந்தரவில்லை. சென்னையிலும் முதலாண்டில் சிறப்பாகத் தேறிய பின் உடல்நலம் குன்றிப் படிப்பைக் கைவிட நேர்ந்தது. 'முதல்' என்னும் அடைமொழிப் பட்டியலில் அவர் பெயர் நாவலாசிரியர் என்னும் வகையிலேயே இடம்பெறுகிறது. மருத்துவராக முடியாதவர்க்கு மருத்துவ வரலாற்றில் இடமில்லை.

ஆயினும் பெண் மருத்துவக் கல்வியின் உள்ளநிலை வரலாற்றை அறிய 'சகுணா'வைவிட நெருக்கமான சான்று அக்காலத்தில் அரிது. தன்வரலாற்றுச் சாயல் மிக்க அந்நாவலில், கற்க விழையும் பெண்ணின் உள்ளச்சோர்வு அவளது இயற்கைக் குணமாகக் காட்டப்பெறவில்லை. உடன்பிறந்தானின் இறப்பு, பழக்கமில்லாத இடம், இரு சமயச் சூழலுக்கிடையே நிற்கும் தனிமை ஆகியவற்றின் விளைவாகவே அது உருப்பெறுகிறது. 'கமலா'வில் இந்நோக்கு மேலும் விரிகிறது. குழந்தை மணமகளாகப் புகுந்த வீட்டின் ஏச்சும் ஏவலும் கமலாவின் உள்ளத்தைக் குலைக்கும் முறையை ஆசிரியர் படிப்படியாகக் காட்டிச் செல்கிறார். துயரின் காரணத்தைப் பெண்ணின் மனத்தில் தேடாமல் வீட்டின் அமைப்பில் தேடியது அவருடைய வலிமை எனலாம்.

எனினும் இரு நாவல்களிலும் வறுமை ஓரத்திலேயே நிற்கிறது. வறியோர் இரக்கத்திற்கு உரியவராக வருகின்றனர். உள்ளம் உடையவராக வருவது குறைவு. உள்ளச்சோர்வு என்பது கற்றவளுக்கு, அல்லது கற்க விழைபவளுக்கு, உரிய அனுபவமாகவே இங்கு அமைந்துவிடுகிறது. தம் ஒரே குழந்தையை ஓராண்டு நிறையுமுன் இழந்த கிருபாபாய் 1894இல் தமது முப்பத்திரண்டாம் வயதில் காலமானார். அவருடைய நாவல்களின் இவ்வெல்லையைக் குறையென்று கூறுவது பொருந்தாது. அவர்க்குப் பின் வந்த எழுத்தும் இவ்வெல்லையை நெடுங்காலம் தாண்டவில்லை என்பதே இங்குக் கருதத்தக்கது.

முத்துலட்சுமி: ஒழுக்கமாகப் பார்க்கப்பட்ட மனம்

1886இல் புதுக்கோட்டையில் பிறந்து 1912இல் மருத்துவப் பட்டம் பெற்ற முத்துலட்சுமி ரெட்டியின் வாழ்க்கையைத் தமிழர் நன்கறிவர். சட்டமன்றத் துணைத்தலைவர் பதவி, தேவதாசி முறை ஒழிப்பு, 1954இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை ஆகியவை மீண்டும் மீண்டும் சொல்லப்பட்டவை. காந்தியடிகள் சிறைப்படுத்தப்பட்டதை எதிர்த்து 1930இல் அவர் தம் சட்டமன்றப் பதவியைத் துறந்ததும் அவ்வாறே. அவர் 1964இல் வெளியிட்ட தன்வரலாறு இவ்வரலாறுகளுக்கெல்லாம் மூலம்.

1930களின் தொடக்கத்தில் அவ்வை இல்லம் தோன்றிய நிகழ்ச்சியை இங்கு நினைவுகூரலாம். தேவதாசிக் குடும்பங்களிலிருந்து வெளியேறி வந்த சிறுமியர் மூவரை ஏற்க விடுதிகள் மறுத்த நிலையில், அவர் தம் வீட்டிலேயே அவர்களுக்கு இடமளித்தார். இந்நிகழ்ச்சியை வரலாறுகள் கருணையின் சான்றாகக் கூறிக் கடந்துவிடுகின்றன. மனநல நோக்கில் இது வேறொரு செய்தியைத் தருகிறது. அச்சிறுமியர் எந்த நோயும் உடையவரல்லர். மருந்து எதுவும் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. தேவைப்பட்டவை தங்குமிடம், உணவு, கல்வி, இகழ்ச்சியற்ற சூழல். இன்று சமூக மனநலத் துறையினர் நோய்த்தடுப்பின் அடிப்படையாகக் கூறும் அனைத்தையும் அவ்வை இல்லம் 'மனநலம்' என்னும் சொல்லின்றியே செய்தது.

சொல் இல்லாமையால் நேர்ந்த இழப்பும் உண்டு. முத்துலட்சுமியின் சீர்திருத்த உரைகளில் பெண்ணின் உள்ளம் பெரும்பாலும் ஒழுக்கத்தின் சிக்கலாகவே பேசப்படுகிறது. மீட்பு, தூய்மை, நல்வழி என்னும் சொற்களின் வலைக்குள் நின்றே அவர் சிந்தித்தார். தேவதாசிப் பெண்கள் சிலர் அவருடைய சட்டமுயற்சியை எதிர்த்து மனு அளித்தமையையும், 1947இல் சட்டம் நிறைவேறிய பின் அக்குடும்பங்களில் பலர் வாழ்வாதாரம் இழந்து இகழ்ச்சியைச் சுமந்தமையையும் அம்ரித் சீனிவாசன், டேவேஷ் சொனெஜி முதலிய ஆய்வாளர்கள் விரிவாகக் காட்டியுள்ளனர். தொழிலையும் கலையையும் இழந்து, மாற்றுத் தொழிலும் கிட்டாத நடுவயதுப் பெண்ணின் மனம் என்னவாயிற்று என்னும் வினாவைச் சீர்திருத்த எழுத்து எழுப்பவில்லை. சிறுமியர்க்கு இல்லம் கிடைத்தது. அவர்தம் தாயர்க்கு யாதொன்றும் கிடைக்கவில்லை. இதனைச் சொல்வதால் முத்துலட்சுமியின் பெருமை குறைந்துவிடாது. குறைந்துவிடுமோ என்று அஞ்சும் வரலாற்றாசிரியரே அவரைச் சிலையாக்கிவிடுகிறார்.

பெங்களூருவில் கற்றதும் கீழ்ப்பாக்கத்தில் கண்டதும்

மனநோயாளர் காப்பகங்களின் வரலாறு தொடக்கமுதலே வறுமையோடு பிணைந்தது. 1912ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குற்றவியல் நடுவரின் ஆணையே நோயாளரைச் சேர்ப்பதற்குரிய முதன்மை வழியாயிற்று. தெருவில் திரிந்தவரைக் காவலர் பிடித்து நடுவர் முன் நிறுத்தினர். வீடும் வசதியும் உடையவர் வீட்டுக்குள் மறைக்கப்பட்டனர். இரண்டும் இல்லாதவரே காப்பகம் சேர்ந்தனர். விடுதலைக்கு முன் அமைந்த போர் குழு தன் 1946ஆம் ஆண்டு அறிக்கையில், இந்தியாவில் ஏறத்தாழ 40,000 பேருக்கு ஒரு மனநோய்ப் படுக்கையே உள்ளது எனக் கணக்கிட்டுப் பயிற்சி நிறுவனம் ஒன்றைப் பரிந்துரைத்தது. அதன் விளைவாக, மைசூர் அரசின் மனநோய் மருத்துவமனை இருந்த பெங்களூருவில் 1954இல் அகில இந்திய மனநல நிறுவனம் தொடங்கப்பட்டது. அதுவும் அம்மருத்துவமனையும் 1974இல் இணைந்து இன்றைய நிம்ஹான்ஸ் ஆயின.

அந்நிறுவனத்தில் தொடக்க ஆண்டுகளில் பயின்றவர் மா. சாரதா மேனன். 1923இல் மங்களூரில் பிறந்து சென்னையில் மருத்துவம் கற்ற அவர், பெங்களூருவில் மனநல மருத்துவப் பட்டயம் பெற்றார். 1959இல் கீழ்ப்பாக்கம் மருத்துவமனையில் பணியேற்று, 1961 முதல் 1978 வரை அதன் கண்காணிப்பாளராக விளங்கினார். 1992இல் பத்மபூஷண் விருது பெற்ற அவர் 2021 டிசம்பரில் காலமானார். அவரைப் பற்றித் தமிழில் எளிதில் கிடைப்பவை பெரும்பாலும் நாளிதழ்க் குறிப்புகளும் இரங்கல் கட்டுரைகளுமே. அவையும் 'இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர்' என்பதைத் தலைப்பாக்கி, எஞ்சியவற்றை இரண்டொரு வரியில் முடித்துக்கொள்கின்றன.

எஞ்சியவையே இன்றியமையாதவை. அவர் பயின்ற காலம் மனநோய் மருத்துவத்தின் திருப்புமுனை. 1952இல் பிரான்சில் பயன்பாட்டுக்கு வந்த குளோர்புரோமசின் என்னும் மருந்து அப்பத்தாண்டின் நடுப்பகுதியில் இந்தியாவையும் எட்டியது. அதுவரை அடைத்துவைத்தலே மருத்துவம் என்றிருந்த நிலை மாறி, நோயாளரை வீட்டுக்கு அனுப்ப முடியும் என்னும் நிலை பிறந்தது. கீழ்ப்பாக்கத்திலோ அப்போது இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட உள்நோயாளர் இருந்தனர். வீட்டுக்கு அனுப்பலாம், எந்த வீட்டுக்கு? இவ்வினாவே மருத்துவச் சிக்கலைப் பொருளியல் சிக்கலாக மாற்றியது.

நலம்பெற்றுத் திரும்பும் கூலித்தொழிலாளி மாதந்தோறும் மருந்து வாங்கவேண்டும். மருந்து இலவசம், பேருந்துக் கட்டணம் இலவசமன்று. வந்துபோகும் நாளின் கூலி போய்விடும். நோயாளர் பெண்ணாயின் துணைக்கு ஒருவர் வரவேண்டும். அவருடைய கூலியும் போகும். மருந்தால் வரும் தூக்கமும் உடல்தளர்வும் வேலையின் வேகத்தைக் குறைக்கும். வேலை கொடுப்பவர் அதைப் பொறுக்கமாட்டார். வேலை போனபின் மருந்தும் நிற்கும், நோய் திரும்பும். 'மருந்தை ஒழுங்காகச் சாப்பிடவில்லை' என்னும் ஒற்றை வரியில் மருத்துவக் குறிப்பு முடித்துவிடும் செய்திக்குள் இத்தனை நிகழ்ச்சிகள் உள்ளன. புறநோயாளர் பிரிவு, பகல்நேர மருத்துவமனை, தொழிற்பயிற்சிக்கூடம் என்பவற்றை வளர்த்ததும், பணி ஓய்வுக்குப் பின் 1984இல் மனச்சிதைவு நோயாளர் மறுவாழ்வுக்கென 'ஸ்கார்ஃப்' நிறுவனத்தைத் தொடங்கியதும் இச்சங்கிலியை எங்கேனும் ஓரிடத்தில் அறுப்பதற்கான முயற்சிகளே. நோய் தீர்ந்தபின் தொழில் என்னும் வரிசையை மாற்றித் தொழிலையே மருத்துவத்தின் பகுதியாக்கியது இவற்றின் சாரம்.

இதே காலத்தில், 1957இல், வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையத்தைப் பிளாரன்ஸ் நிக்கல்ஸ் என்னும் பெண் மருத்துவர் தொடங்கினார். நோயாளரோடு உறவினரும் உடன்தங்கும் முறை அங்குப் பின்பற்றப்பட்டது. இந்தியக் குடும்பத்தின் வலிமையைப் பயன்படுத்திய முறையெனப் பலரும் பாராட்டுவர். அப்பாராட்டு தகும். ஆயினும் வாரக்கணக்கில் உடன்தங்க வல்ல உறவினர், வாரக்கணக்கில் கூலியிழக்க வல்லவராகவும் இருத்தல் வேண்டும். குடும்பமே மருந்து என்று கூறுமிடத்தில், குடும்பமற்றவர்க்கும் குடும்பத்தால் விடப்பட்டவர்க்கும் மருந்து யாது என்னும் வினா எழாமற் போகாது. வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் 1993இல் சென்னையில் 'பான்யன்' அமைப்பைத் தொடங்கியது தெருவில் விடப்பட்ட மனநோயுற்ற பெண்களுக்காகவே. அவர்கள் மருத்துவர் அல்லர் என்பதும் குறிக்கத்தக்கது. 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்றில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் தீயில் மாண்டனர். குடும்பம் விட்டுச்சென்ற இடத்தில் அரசும் இல்லாதபோது நேர்ந்தது அது.

சாரதா மேனனின் வழிவந்த ஆர். தாராவும் உடன் ஆய்வாளரும் 2003இல் வெளியிட்ட ஆய்வு இங்குத் தனித்து நோக்கத்தக்கது. மனச்சிதைவு நோயுற்று, கணவரைப் பிரிந்து வாழும் சென்னைப் பெண்களைப் பற்றியது அது. அவர்களுள் சட்டப்படி மணவிலக்குப் பெற்றவர் சிலரே. கணவரிடமிருந்து பொருளுதவி பெற்றவரும் சிலரே. பலர் முதிய பெற்றோரின் ஆதரவில் இருந்தனர். கைவிடப்பட்ட பின்னும் தாலியைக் கழற்றாதிருந்தோர் பலர். தமிழ்ப் புனைகதை தாலியைக் கற்பின் குறியாகவோ அடிமையின் குறியாகவோ எண்ணற்ற முறை பேசியுள்ளது. மனநோயும் வறுமையும் ஒருங்கே வாய்த்த ஒரு பெண்ணுக்கு அது தெருவில் நடப்பதற்கான பாதுகாப்பாகவும், என்றேனும் அழைக்கப்படலாம் என்னும் நம்பிக்கையின் கடைசிப் பொருளாகவும் இருக்கக்கூடும் என்பதை ஒரு மருத்துவ ஆய்வுக்கட்டுரையே காட்ட நேர்ந்தது.

சகலவாரா முதல் பெல்லாரி வரை

மருத்துவமனைக்கு நோயாளர் வரவியலாவிடின் மருத்துவம் அவர்களிடம் செல்லவேண்டும் என்னும் எண்ணம் பெங்களூருவில் 1970களின் நடுப்பகுதியில் செயல்வடிவம் பெற்றது. நகர்க்கு வெளியே சகலவாராவில் நிம்ஹான்ஸ் தன் கிராமப்புற மையத்தை நிறுவி, ஆரம்பச் சுகாதார நிலையப் பணியாளர்க்கு மனநோயை இனங்காணப் பயிற்சியளித்தது. 1982இல் தேசிய மனநலத் திட்டம் உருவானது. 1980களின் பிற்பகுதியில் பெல்லாரி மாவட்டத்தில் நடத்திப் பார்த்த முறையே 1996இல் மாவட்ட மனநலத் திட்டமாக நாடெங்கும் விரியத் தொடங்கியது. இத்திட்டங்களின் வரலாறு கூறும் நூல்களில் இயக்குநர்களின் பெயர்கள் உள்ளன. வீடுவீடாகச் சென்றவர் யார்? பெரும்பாலும் துணைச் செவிலியரான பெண்கள். தடுப்பூசி, பேறுகாலக் கவனிப்பு, குடும்பநலம் ஆகியவற்றோடு 'உங்கள் வீட்டில் தூங்காமல், பேசாமல் இருப்பவர் எவரேனும் உண்டா' என்று கேட்கும் பொறுப்பும் அவர்கள்மீது சேர்ந்தது.

விக்ரம் பட்டேலும் ஆர்தர் கிளைன்மனும் 2003இல் உலக நலவாழ்வு நிறுவனத்தின் இதழில் எழுதிய கட்டுரை, வறிய நாடுகளில் மனச்சோர்வுக்கும் வறுமைக்குமுள்ள தொடர்பை ஆராய்ந்தது. வருவாயின் அளவைக் காட்டிலும் பாதுகாப்பின்மை, நம்பிக்கையிழப்பு, குறைந்த கல்வி ஆகியவையே அத்தொடர்பை விளக்கவல்லன என அது கருதியது. நிம்ஹான்ஸ் 12 மாநிலங்களில் நடத்திய 2015-16ஆம் ஆண்டுத் தேசிய ஆய்வு, வயதுவந்தோருள் 10.6 விழுக்காட்டினர்க்கு அப்போது ஏதேனுமொரு மனநலக் குறை இருந்ததாகக் கூறுகிறது. அவர்களுள் பெரும்பாலோர் மருத்துவம் பெறாதவர் என்பதும் அதன் முடிவு. இவ்விடைவெளியை நிரப்பவேண்டியவர் களப்பணிப் பெண்களே என்பதில் கருத்து வேறுபாடு இல்லை.

கிருபாபாய், முத்துலட்சுமி, சாரதா மேனன் ஆகியோர்க்கும் இக்களப்பணிப் பெண்களுக்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு. முன்னவர் வறுமையை வெளியிலிருந்து கண்டவர். பின்னவர் அதனுள் வாழ்பவர். 2005இல் தொடங்கிய தேசிய ஊரக நலவாழ்வு இயக்கத்தின் ஆஷா பணியாளர் ஊதியம் பெறுபவரல்லர், ஊக்கத்தொகையே பெறுபவர். கொரோனாப் பெருந்தொற்றின் நடுவே, 2020 ஜூலையில், கர்நாடக ஆஷா பணியாளர்கள் மாதம் 12,000 ரூபாய் மதிப்பூதியமும் பாதுகாப்புக் கருவிகளும் கேட்டு வேலைநிறுத்தம் செய்தனர். பாதுகாப்பின்மையும் நம்பிக்கையிழப்பும் மனச்சோர்வின் வேர்கள் என்றால், அவ்வேர்களைப் பிறர் வீட்டில் கண்டறியச் செல்பவரின் வீட்டிலும் அவை உள்ளன.

தமிழிலக்கியம் இவரை இன்னும் போதிய அளவு கண்டுகொள்ளவில்லை. மனநோயைத் தமிழ்ப் புனைகதையில் உள்ளிருந்து பேசவைத்தவர் கோபிகிருஷ்ணன். உளவியல் பயின்று சமூகப் பணியிலும் ஈடுபட்ட அவர் எழுதிய 'உள்ளேயிருந்து சில குரல்கள்' நோயாளரை நகைப்பிலிருந்தும் இரக்கத்திலிருந்தும் ஒருங்கே விடுவித்தது. கீழ்ப்பாக்கம் என்னும் வசைக்குத் தமிழ் தந்த மறுமொழி என்றே அதனைக் கூறலாம். அந்நூலின் நாட்டம் நோயாளரின் குரலில் முதன்மையாக நிற்பது அதன் நோக்கத்துக்கு இயைந்ததே. ஆனால் அதனை அடுத்து வந்திருக்க வேண்டிய நூல், பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று கேள்வி கேட்கும் பெண்ணின் குரலைக் கொண்ட நூல், இன்னும் வரவில்லை. பெங்களூருவின் தமிழ்க் குடியிருப்புகளில் அப்பெண் கன்னடத்தில் பயிற்சி பெற்று, தமிழில் கேட்டு, மீண்டும் கன்னடத்தில் எழுதுகிறார். 'மனசு சரியில்லை' என்று ஒரு தாய் சொல்வதை அவர் எந்தச் சொல்லாக மாற்றிப் பதிகிறார் என்பது மொழியாய்வுக்கும் இலக்கியத் திறனாய்வுக்கும் உரிய பொருளே. அப்பதிவேடுகள் ஆய்வாளர் எவரும் திறக்காமல் சுகாதார நிலையங்களின் அலமாரிகளில் உள்ளன.